ஒரு கை மழை

அந்த நகரத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், மழைக்காலம் என்றால் மழை பெய்யும் காலம் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். பாவம். மழை என்னவோ ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோதான். மிச்ச நேரமெல்லாம் ஈரம். உப்பு ஜாடியில் உப்பு இருக்காது, உப்புத் தண்ணீர் இருக்கும். தீப்பெட்டியில் பத்துக் குச்சி உரசினால் ஒன்று மனம் இரங்கும். அலமாரிக் கதவு உப்பிப்போய்த் திறக்காது. இழுத்துத் திறந்துவிட்டால் அப்புறம் மூடாது. செய்தித்தாள் துவைத்த துணி மாதிரி வந்து விழும். துவைத்த துணியோ நான்கு நாளானாலும் துவைத்த துணியாகவே இருக்கும். போன வருடம் கழற்றிப் போட்ட தோல் செருப்பை எடுத்தால் அதன் மேல் பச்சையாக ஒரு தோட்டமே வளர்ந்திருக்கும்.

காலை ஏழு மணிக்கு ஒரு வெயில் அடிக்கும். அது ஏமாற்று வெயில். பழைய ஆட்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பத்து மணிக்கு மேகம் வரும், பன்னிரண்டுக்குப் புழுக்கம், பிறகு சரியாகப் பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்து மழை. பள்ளிக்கூட மணி மேகத்துக்கும் கேட்கும் போலிருக்கிறது. அதிலும் ஒரு தெருவில் கொட்டு கொட்டென்று கொட்டும், அடுத்த தெருவில் குடையோடு போகிறவனைப் பார்த்து நாய் குரைக்கும். வானொலியில் மட்டும் தினமும் ஒரே பாட்டு: "நகரின் சில பகுதிகளில் மழை பெய்யலாம். சில பகுதிகளில் பெய்யாமலும் இருக்கலாம்." இப்படிச் சொல்பவர்மேல் யார்தான் குற்றம் கண்டுபிடிக்க முடியும்?

ஆனால் காலை ஒன்பது மணிச் செய்தியின் கடைசியில், எந்தப் பகுதியில் எவ்வளவு மழை பெய்தது என்று ஒரு பட்டியல் வாசிப்பார்கள். அதில் 'லாம்' கிடையாது. எல்லாம் எண்கள். அந்த எண்களில் ஒன்று மில்லி சொன்னது.

மில்லி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, தெரு வைத்தது. பகலில் அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. "இருமல் மருந்து ஒரு ஸ்பூன் குடுத்தாப் போதுமா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "எந்த ஸ்பூன்? உங்க வீட்டு ஸ்பூனா, எங்க வீட்டு ஸ்பூனா? அஞ்சு மில்லி" என்று மூடியில் உள்ள கோட்டை நகத்தால் தொட்டுக் காட்டுவாள். காலையில் மொட்டை மாடியில் மழை அளப்பாள். அதுவும் மில்லி. அது மில்லிலிட்டர், இது மில்லிமீட்டர் என்று அவள் எவ்வளவோ விளக்கிச் சொல்லிப் பார்த்துவிட்டாள். தெரு அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "மில்லி அக்கா, இன்னிக்குக் கொஞ்சம் கம்மியா அளங்களேன், புள்ளைக்கு மாத்துத் துணி இல்ல" என்று மழை பெய்ததற்கே அவள்தான் காரணம் என்பதுபோல் பேசும்.

கீழே ரொட்டிக்கடை, நடுவில் வீடு, மேலே மொட்டை மாடி. மாடியின் நடுவில், நாலு போல்ட் போட்டு முடுக்கிய ஒரு உருளை. அதுதான் மழைமானி. வாயில் ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில். காலை எட்டரைக்குப் பாட்டிலை வெளியே எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்த்து, எண்ணை நோட்டில் எழுதி, வானிலை அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும். சம்பளம் கிடையாது. வருடத்துக்கு ஒரு நோட்டும் இரண்டு பென்சிலும் அனுப்புவார்கள்.

பத்தொன்பது வருடமாக அவள் ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலோடு ஏறியிருக்கிறாள். குடை பறந்துபோன புயலில் ஏறியிருக்கிறாள். ஊர் முழுக்க அவளைக் கிண்டல் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அவள் ஏன் ஏறினாள் என்று யாரும் கேட்டதில்லை. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவள் எது சொன்னாலும் எடுபடாது. "கதவு உரசுது" என்றால் "பாக்கலாம்" என்பார்கள். "சுவர் ஓதமா இருக்கு" என்றால் "மழைக்காலம்னா அப்படித்தான்" என்பார்கள். ஆனால் எட்டரை மணிக்குப் போனில் "பதினேழு புள்ளி நாலு" என்றால், மறுமுனையில் பதிவு எழுதுகிறவர், "பதினேழு புள்ளி நாலு" என்று திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வார். நிச்சயமா, சரியாப் பாத்தியா என்று ஒரு கேள்வி இல்லை. தான் சொன்னதை ஒரு மனிதர் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்கிறார் என்பது அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பத்தொன்பது வருடம் கழித்தும் பெரிய விஷயமாகவே இருந்தது.

அவள் கணவர் ரொட்டிக்காரர். அளவு என்ற சொல்லுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். மாவு கொஞ்சம், தண்ணீர் ஒரு கை, உப்பு பார்த்துப் போட்டுக்கொள்வது. ஈரக் காற்றில் மாவு நெகிழ்ந்துபோகும், எனவே மழைக்காலத்தில் தண்ணீர் "இன்னும் கொஞ்சம் கம்மி." எவ்வளவு கம்மி என்று கேட்டால் விரலை மடக்கி, நீட்டி, காற்றில் ஏதோ காட்டுவார். "இப்படி ஒரு ஆளு ஊத்துறத நம்பி ஊரே ரொட்டி திங்குது" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கை ஊற்றுவார்.

இன்னொரு மழைமானி, மூன்று கிலோமீட்டர் தள்ளி, குன்றின் அடிவாரத்தில், அவருடைய அக்கா வீட்டில் இருந்தது. நாத்தனாருக்கும் அதே உருளை, அதே நோட்டு, அதே இரண்டு பென்சில். ஒன்பது மணிச் செய்தி முடிந்த அடுத்த நிமிடம் போன் அடிக்கும். "என்னம்மா, உன் பக்கம் தூறலோட போயிடுச்சு போல? எனக்கு நாப்பத்தி ரெண்டு." குன்றில் மோதுகிற மேகமெல்லாம் தன் வீட்டு வாசலில் நின்று தன்னை விசாரித்துவிட்டுப் போவதாக நாத்தனாருக்கு ஒரு நினைப்பு. மில்லியும் விட மாட்டாள். "உங்க பக்கம் மழையா அண்ணி? மரத்துல இருந்து சொட்டினதையும் சேத்து அளந்திருப்பீங்க." இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்டால் சண்டை என்றுதான் தோன்றும். ஒரு நாள் போன் வராவிட்டால் இருவருக்கும் காலைச் சாப்பாடு இறங்காது.

அந்த வருடம் மழைக்காலம் தொடங்கும்போது அலுவலகத்திலிருந்து இருவருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது. மூன்று கிலோமீட்டருக்குள் இரண்டு மழைமானி தேவையில்லை. இந்தப் பருவத்துப் பதிவுகளைப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மில்லி கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். "ரெண்டுல ஒண்ணுதான் இருக்குமாம்" என்று கணவரிடம் சொன்னாள். அதோடு நிறுத்திக்கொண்டு, கடிதத்தை நோட்டுக்குள் செருகினாள். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

முதல் ஒரு மாதம் நாத்தனார் கைதான் ஓங்கியிருந்தது. ஒரு நாள் வெறும் ஒரு மில்லிமீட்டரில் முந்திவிட்டு, அதையே கால் மணி நேரம் பேசினார். அன்று மில்லி டீயை ஆறவிட்டு, ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரொட்டிக்காரர் பன் தட்டோடு வந்து பார்த்துவிட்டு, பன் தட்டோடு திரும்பிப் போனார்.

மறுநாளிலிருந்து மேகத்துக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. மில்லியின் குவளை நிறைய ஆரம்பித்தது. நாத்தனாருக்கு முப்பது என்றால் இவளுக்கு முப்பத்தொன்பது. அங்கே பன்னிரண்டு என்றால் இங்கே இருபத்து மூன்று. ஒன்பது நாள் தொடர்ந்து நகரத்திலேயே அதிக மழை அவள் மொட்டை மாடியில்தான். வானொலியில் முதல் எண்ணாக வாசித்தார்கள். "உங்க தெரு மேல மட்டும் மேகத்துக்கு என்ன பிரியமோ" என்றார் பதிவு எழுதுகிறவர், பத்தொன்பது வருடத்தில் முதன்முறையாக எண்ணைத் தவிர வேறு ஒரு வாக்கியம் பேசி. மில்லிக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணி, உங்க குன்று இன்னும் அங்கயேதான் இருக்கா?" என்று போனில் கேட்டாள். நாத்தனார் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் சீக்கிரம் போனை வைத்துவிட்டார்.

பத்தாம் நாள் வானொலி பலத்த மழை என்று அறிவித்திருந்ததால், காலையிலிருந்து நல்ல வெயில் அடித்தது. ஏமாற்று வெயில் அல்ல, நிஜ வெயில். மில்லி வீட்டில் இருந்த அத்தனை ஈரத்தையும் அள்ளிக்கொண்டு போய் மொட்டை மாடிக் கொடியில் போட்டாள். போர்வை, தலையணை உறை, நாலு நாளாக நாறிக்கொண்டிருந்த சட்டைகள். மருந்துக்கடையில் அன்று இருமல்காரர்கள் கூட்டம். வந்ததும் அடித்துப்போட்ட மாதிரி படுத்துவிட்டாள். துணி நினைவே இல்லை.

காலை எட்டேகாலுக்குத்தான் "ஐயோ, துணி!" என்று நினைவு வந்தது. நோட்டும் குவளையுமாக மாடிப்படி ஏறும்போதே, சொட்டச் சொட்டத் தொங்கும் போர்வையை மனத்துக்குள் பிழிந்துகொண்டுதான் ஏறினாள். கொடியில் கை வைத்தாள். மொறுமொறுவென்று இருந்தது. தலையணை உறை அப்பளம்போல் விறைத்து நின்றது. தரையைப் பார்த்தாள். காய்ந்த தரை. மூலையில் கிடந்த பழைய வாளியில் ஒரு சொட்டு இல்லை. அந்தப் பருவத்தில் முதல்முறையாக ஒரு முழு நாள் மழை பெய்யாமல் இருந்திருக்கிறது. ஒரு பூஜ்யம் எழுதலாம் என்று பாட்டிலை எடுத்தாள். பாட்டில் கனத்தது.

குவளையில் ஊற்றினாள். குனிந்து பார்த்தாள். பதினொன்று புள்ளி இரண்டு. நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள், மறுபடி குனிந்தாள். பதினொன்று புள்ளி இரண்டுதான். நீரில் பனிபோல் ஏதோ மெல்ல இறங்கி, அடியில் வெள்ளையாகப் படிந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தாள். பத்தொன்பது வருடமாக அந்த வீட்டுச் சட்டைக் காலர்களில் அவள் துவைத்துக்கொண்டிருக்கும் சங்கதி அது.

குவளையைக் கையில் பிடித்தபடியே இரண்டு மாடியும் இறங்கிக் கடை அடுப்பறைக்குப் போனாள். மாவு பிசையும் மெஷின் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ரொட்டிக்காரர் முழங்கை வரை வெள்ளையாக நின்றார்.

"என்னங்க, ராத்திரி மழை பெஞ்சுதா?"

"பெஞ்சிருக்குமே."

"இருக்குமேவா? பெஞ்சுதா, இல்லையா?"

"நான் எங்க பாத்தேன்? இந்தச் சத்தத்துல இடி விழுந்தாலே எனக்குக் கேக்காது. ஏன், நல்ல மழையோ?"

"பதினொண்ணு புள்ளி ரெண்டு."

"அடேயப்பா!" என்று அவர் முகம் மலர்ந்தது. "அக்காவுக்கு எவ்வளவாம்?"

"அண்ணிக்கு என்ன, இன்னிக்கு இந்த ஊருக்கே சைபர். மாடி காஞ்சு கெடக்கு. கொடியில துணி மொறமொறன்னு தொங்குது. இதப் பாருங்க." குவளையை விளக்கின் பக்கம் தூக்கிக் காட்டினாள். "மேகத்துக்கு மைதா எங்கேர்ந்துங்க கெடச்சுது?"

ரொட்டிக்காரர் திருதிருவென்று விழித்தார். மாவுக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார், அதனால் இப்போது என்ன பயன் என்று தோன்றியிருக்க வேண்டும், திரும்ப முன்னால் கொண்டுவந்தார்.

"துணி கெடக்கேன்னு நானும் பாத்தேன்" என்றார்.

"பாத்தீங்கல்ல? எடுத்து வெச்சிருக்கலாமே?"

"எடுத்தா நான் மேல வந்தது தெரிஞ்சிடுமேன்னு..."

மில்லி மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அவர் ஒன்று விடாமல் ஒப்பித்தார். தினமும் விடிகாலை ஐந்தரைக்கு முதல் ரொட்டியை அடுப்பில் தள்ளிவிட்டு, மாவுக்குத் தண்ணீர் ஊற்றும் குவளையோடு மேலே போவது. புனலில் ஒரு கை ஊற்றுவது. இறங்கிவந்து ரொட்டியை எடுப்பது. முதல் இரண்டு நாள் தரை நனைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் ஊற்றினாராம். அப்புறம் பழகிவிட்டதாம்.

"எதுக்குங்க?"

"நீதானே சொன்னே, ரெண்டுல ஒண்ணுதான் இருக்கும்னு. எந்தக் கடையில ரொட்டி அதிகமா விக்குதோ அந்தக் கடையத்தானே வெச்சுக்குவாங்க? மழை அதிகமா பெய்யுற எடத்துலதானே மானி வெப்பாங்க?"

"யாரு ஒழுங்கா அளக்குறாங்கன்னு பாத்து வெப்பாங்க!"

"அத நீ சொல்லலையே" என்றார் அவர் சின்னக் குரலில். "அன்னிக்கு டீய ஆறவிட்டு ஒக்காந்திருந்தே. என்னால பாக்க முடியல."

அவளுக்குக் கோபம் வந்தது. அவமானமும் வந்தது, ஒன்பது நாள் நாத்தனாரிடம் என்ன பேச்சு பேசியிருக்கிறாள்! அதற்கெல்லாம் அடியில் குவளையில் படிந்த மாவுபோல இன்னொன்றும் இருந்தது. இந்த மனிதர் தனக்காக விடிகாலையில் மாடி ஏறி வானத்துக்கு உதவி செய்திருக்கிறார். அதை நினைத்து நெஞ்சு இளகியதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விட எரிச்சலாக இருந்தது.

"இன்னிக்கு சைபர்னு சொல்லிடு. நான் இனிமே மேல போகவே மாட்டேன்" என்றார் அவர். "பழசு யாருக்குத் தெரியும்?"

பத்தொன்பது வருடமாகத் தன்னிடம் ஒரு கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்ட ஒருவரை நினைத்துப் பார்த்தாள். அவர் கேட்காததால்தான் பொய் சொல்லவே முடியாது என்று தோன்றியது. ஆனால் உண்மையைச் சொன்னால் மழைமானி போய்விடும். அதுவும் தெரிந்தது.

"எவ்வளவு ஊத்தினீங்க?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"ஒரு கை."

"மேல வாங்க" என்று எழுந்தாள்.

சமையலறை மேசைமேல் பாட்டிலையும் அளவுக் குவளையையும் வைத்தாள். அவர் தன் மாவுக் குவளையைக் கொண்டுவந்தார். அதில் கோடும் கிடையாது, ஒன்றும் கிடையாது, ஒரு பக்கம் நசுங்கல் மட்டும்தான். "ஊத்துங்க, தினமும் ஊத்துற மாதிரி." அவர் வாளியில் முக்கி எடுத்து, கையை லேசாகச் சாய்த்து மிச்சத்தைச் சிந்தவிட்டு, பாட்டிலில் ஊற்றினார். அவள் அளந்தாள். பதினொன்று புள்ளி இரண்டு. "மறுபடி." பதினொன்று புள்ளி இரண்டு. "கண்ண மூடிட்டு ஊத்துங்க." பதினொன்று புள்ளி இரண்டு. நாலாவது தடவை நான்கு ஆனது. நடுவில் அவருக்குத் தும்மல் வந்துவிட்டது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஐந்தாவது, பதினொன்று புள்ளி இரண்டு.

மில்லி அந்த நசுங்கிய குவளையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்தொன்பது வருடம் இந்தக் கையைக் கிண்டல் செய்திருக்கிறாள்.

"மருந்துக்கடையில கூட இப்படிச் சரியா ஊத்த ஆள் கெடையாது" என்றாள்.

"நான்தான் சொன்னேனே, ஒரு கைன்னு."

நோட்டைத் திறந்து, ஒன்பது நாள் எண்களின் குறுக்கே ஒவ்வொரு கோடு போட்டாள். பதினொன்று புள்ளி இரண்டைக் கழித்துப் பக்கத்தில் எழுதினாள். காரணம்: 'கணவர் ஊற்றியது.' ஒன்பது முறை எழுதினாள். கழித்த பிறகும் இரண்டு நாள் அவள் நாத்தனாரை நியாயமாகவே முந்தியிருந்தாள். அதை அவள் கவனித்தாள், ஒரு பெருமூச்சு விட்டாள், போனை எடுத்தாள்.

"சொல்லுங்க" என்றார் பதிவு எழுதுகிறவர்.

"பூஜ்யம் புள்ளி பூஜ்யம்."

"பூஜ்யம் புள்ளி பூஜ்யம்."

"இன்னொண்ணு இருக்குங்க. முன்னாடி ஒம்பது நாள் தப்பு." சொல்லி முடித்தாள். பூசி மெழுகவில்லை. மைதாவைக்கூட விடவில்லை.

மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை. "காரணம் எழுத இங்க மூணு கட்டம்தாம்மா இருக்கு. கருவி பழுது, எல தழ அடைப்பு, பறவை எச்சம். புருஷன்னு கட்டம் இல்லையே."

"பறவைன்னு மட்டும் போட்டுடாதீங்க."

"இல்ல, ஓரத்துல எழுதிக்கறேன்." பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. "உங்ககிட்ட இதுவரைக்கும் ஒரு தடவகூட திருப்பிக் கேட்டதில்ல நான். நாளைக்கு மேல இருக்கறவங்க கேப்பாங்க. நான் சொல்லாம இருக்க முடியாதும்மா."

"நீங்க சொல்லணும்னுதானே நான் சொன்னேன்" என்றாள்.

நாத்தனாருக்கும் அவளே சொன்னாள். மறுமுனையில் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. "என் தம்பியா? பால் வாங்கப் போனா பாத்திரத்தக் கடையிலேயே வெச்சுட்டு வருவானே, அந்தத் தம்பியா?" பிறகு அந்த வாரம் முழுக்கக் கிண்டல். "இன்னிக்கு எத்தன ரொட்டி அளவு மழை?" "உன் மழையில சர்க்கரை போட்டா பன் ஆகுமா?" மில்லி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அது வேண்டியிருந்தது.

பருவத்தின் கடைசியில் கடிதம் வந்தது. ஒன்பது நாள் பதிவு ஐயத்துக்குரியது என்பதால் குன்றடி மழைமானி இருக்கும், இது திரும்பப் பெறப்படும். இரண்டு பேர் ஸ்பேனரோடு வந்தார்கள். நாலு போல்ட்டையும் கழற்றினார்கள். துரு பிடித்த ஒரு போல்ட் மட்டும் வர மாட்டேன் என்று அரை மணி நேரம் அடம்பிடித்தது. மில்லிக்கு அதன்மேல் மிகுந்த மரியாதை ஏற்பட்டது. உருளை, பாட்டில், குவளை, நோட்டு எல்லாம் போயின. பென்சில்களை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். ரொட்டிக்காரர் அன்று மதியம் வரை கீழேயிருந்து மேலே வரவில்லை. அன்றைய ரொட்டி உப்பாக இருந்தது என்று தெருவில் மூன்று பேர் சொன்னார்கள்.

மறுநாள் எட்டரைக்கு அவள் கால்கள் தாமாகவே மாடிப்படி ஏறின. ஏறிவிட்டுத் தன்மேலேயே கோபப்பட்டாள். ஒன்பது மணிச் செய்தியில் குன்றடி என்றார்கள், அடுத்த பகுதிக்குப் போய்விட்டார்கள். போன் அடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் அடிக்கவில்லை. என்ன பேசுவது என்று நாத்தனாருக்கும் தெரியவில்லை போலும். ஜெயித்தவர் போன் செய்தால் குத்திக்காட்டுவதாக ஆகும், செய்யாவிட்டால் மறந்ததாக ஆகும்.

மூன்றாம் நாள், பருவம் முடிந்ததென்று வானொலி அறிவித்த மறுநாள் என்பதால், விடிய விடிய மழை கொட்டித் தீர்த்தது. எட்டரைக்கு அவள் மாடிக்கு வந்தபோது, உருளை இருந்த வட்டத்தில் ஒரு ரொட்டித் தகரம் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார், தகரத்துக்கு அல்ல, தனக்கு.

"வாய் அகலமா, அடி குறுகலா இருந்தா அளவு தப்பா வரும்" என்றாள் அவள் எடுத்த எடுப்பில்.

"தெரியும். அதான் சாண்ட்விச் ரொட்டித் தகரம். பக்கம் நேரா இருக்கான்னு அளந்து பாத்துட்டேன்."

"எதால அளந்தீங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு எஃகு ஸ்கேலை எடுத்தார். புதுசு. விலைச்சீட்டுகூட இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் வாழ்நாளில் வாங்கிய முதல் அளவுகோல். "நான் ஊத்தலை" என்றார் அவசரமாக. "ராத்திரி வெச்சதோட சரி, தொடவே இல்ல."

அவள் ஸ்கேலை வாங்கித் தகரத்துக்குள் நிறுத்தி, மண்டியிட்டு, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். கண்ணில் வேறு நீர் இருந்ததால் இரண்டு தரம் பார்க்க வேண்டியிருந்தது. அப்போதுதான் கீழே போன் அடித்தது. ஓடினாள்.

"எனக்கு அறுபத்தி ஒண்ணு" என்றார் நாத்தனார், வணக்கம் வாழ்த்து எதுவும் இல்லாமல். "உனக்கு?"

"எனக்கு என்ன அண்ணி இருக்கு? மாடியில ஒரு ரொட்டித் தகரம் இருக்கு."

"சரி, தகரத்துக்கு எவ்வளவு?"

"அறுபத்தி நாலு."

"என் தம்பி ஊத்தினதக் கழிச்சிட்டியா?"

மில்லி திரும்பிப் பார்த்தாள். ரொட்டிக்காரர் வாசற்படியில் நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். சுத்தமான கை. மாவுகூட இல்லை.

"இன்னிக்குக் கழிக்க ஒண்ணும் இல்ல அண்ணி."

"சரி, இரு. வெச்சிடாதே." ஏதோ இழுப்பறை திறக்க மறுத்து, குத்து வாங்கி, திறந்தது. காகிதம் புரண்டது. "என் நோட்டுல வலப்பக்கம் பூரா காலியாத்தான் கெடக்கு. அறுபத்தி நாலுன்னுதானே சொன்னே?"

"அறுபத்தி நாலு."

"அறுபத்தி நாலு" என்று திருப்பிச் சொல்லி, நாத்தனார் எழுதிக்கொண்டார்.